புடம், மூசை, தராசு: ரசவாதப் பட்டறையிலிருந்து வேதியியலுக்கு வந்தவை

1604-ல் லைப்ஸிக் நகரில் ஆண்டிமனி என்ற உலோகத்தைப் பற்றி ஒரு ஜெர்மன் நூல் வெளிவந்தது. எழுதியவர் பாசில் வாலண்டைன் என்ற பெனடிக்டின் துறவி என்று போட்டிருந்தார்கள். அப்படி ஒரு துறவி வாழ்ந்ததற்கு ஆதாரம் கிடையாது. பதிப்பித்த யோஹான் தோல்டே என்பவரே பெரும்பகுதியை எழுதியிருப்பார் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. யார் எழுதியிருந்தாலும், அதில் 'ஆண்டிமனிக் கண்ணாடி' செய்யும் முறை ஒன்று, மறைபொருள் எதுவும் இல்லாமல் நேரடியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஹங்கேரி அஞ்சனக்கல்லை மைபோல அரைக்க வேண்டும். தட்டையான மண் தட்டில் பரப்பி, இளஞ்சூட்டில் கிளறிக்கொண்டே வறுக்க வேண்டும். புகை அடங்கி, பொடி வெளிர்சாம்பல் நிறத்துக்கு வந்ததும் மூசையில் (உலோகம் உருக்கும் மண்பாத்திரம்) இட்டு உருக்கி, நன்றாக இளகியபின் அகன்ற செம்புத் தட்டில் ஊற்ற வேண்டும். பொன்மஞ்சளில் ஒளி ஊடுருவும் கண்ணாடி கிடைக்கும்.

இன்றைய மொழியில் இதில் எந்த மர்மமும் இல்லை. அஞ்சனக்கல் என்பது ஆண்டிமனி சல்ஃபைடு. வறுக்கும்போது கந்தகம் சல்ஃபர் டையாக்ஸைடாகப் புகைந்து போய், ஆண்டிமனி ஆக்ஸைடு மிஞ்சுகிறது. அது சுமார் 656 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் செய்து பார்த்தால் தகராறு ஆரம்பிக்கும். அஞ்சனக்கல் 550 டிகிரி வாக்கிலேயே இளகிவிடுவதால், வறுக்கும்போது சூடு கொஞ்சம் ஏறினாலும் பொடி கட்டிதட்டி, உள்ளே இருக்கும் கந்தகம் வெளியேற வழியில்லாமல் போகும். மாறாக, அளவுக்கு மீறி வறுத்தால் அது டெட்ராக்ஸைடாக மாறி, உருகவே மறுக்கும். இரண்டையும் தாண்டி வந்தாலும், ஊற்றியபின் கிடைப்பது கண்ணாடியாக இருக்காது. அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி.

அமெரிக்க வேதியியலாளரும் அறிவியல் வரலாற்றாளருமான லாரன்ஸ் பிரின்சிபே இந்த முறையை ஆய்வகத்தில் செய்து பார்த்தபோது, சுத்தமான ஆண்டிமனி சல்ஃபைடில் அவருக்குக் கிடைத்ததும் அந்தக் கட்டிதான். பிறகு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இயற்கையான தாதுவை வரவழைத்துச் செய்தார். பொன்மஞ்சள் கண்ணாடி அப்படியே வந்தது. சோதித்துப் பார்த்ததில், அந்தத் தாதுவில் சிறிதளவு குவார்ட்ஸ் கலந்திருந்தது தெரிந்தது. சிலிக்கா இருந்தால்தான் உருகிய ஆக்ஸைடு படிகமாகாமல் கண்ணாடியாக உறையும். சுத்தச் சரக்கில் ஒரு சிட்டிகை மணல் போட்டாலும் வேலை முடிந்தது.

எழுதியவருக்கு சிலிக்காவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் 'ஹங்கேரிச் சரக்கு' என்று குறித்துவைத்தார். பழைய ரசவாதக் குறிப்பு ஒன்று வேலை செய்யவில்லை என்றால் எழுதியவன் புளுகன் என்று முடிவுகட்டிவிடுவது நம் வழக்கம். சரக்கு எந்த ஊர், அதில் என்ன கலப்படம் என்று கேட்பதே முதல் வேலை என்பேன். அறிவியல் வரலாற்றில் ரசவாதம் மூடநம்பிக்கை வரிசையிலிருந்து பட்டறைத் தொழில் வரிசைக்கு மாறியது, கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் இப்படிச் செய்து பார்த்தவர்களால்தான். (தமிழ்நாட்டுச் சித்தர் மரபில் ரசவாதத்துக்குத் தனி வழி இருக்கிறது. பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்துச் சாதிலிங்கமாக்கும் வேலை இரண்டு மரபுக்கும் பொது. ஆனால் அதைப் பேசத் தனிக் கட்டுரை வேண்டும். இங்கே நான் ஐரோப்பாவை விட்டு நகரப்போவதில்லை.)

சரி, ஈயத்தைத் தங்கமாக்கலாம், வெள்ளியாக்கலாம் என்று ஏன் நம்பினார்கள்? பேராசை ஒரு காரணம். ஆனால் கண்ணால் கண்ட காரணமும் ஒன்று இருந்தது. ஈயத்தாதுவான கலீனாவில் பெரும்பாலும் கொஞ்சம் வெள்ளி இருக்கும். அதிலிருந்து எடுத்த ஈயத்தைப் புடம்போட்டால் கடைசியில் ஒரு துளி வெள்ளி மிஞ்சும். உள்ளே போட்டது ஈயம் மட்டும். வெளியே வந்தது வெள்ளி. உலோகங்கள் எல்லாமே பாதரசமும் கந்தகமும் வெவ்வேறு விகிதத்தில், வெவ்வேறு சுத்தத்தில் சேர்ந்தவை என்று அரபு உலகத்திலிருந்து வந்த கொள்கையைப் படித்தவனுக்கு, இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டுமா?

இந்த மயக்கத்தைத் தெளிவித்தவர்கள் மாற்றுப் பார்ப்பவர்கள், அதாவது தங்கம் வெள்ளியின் தரத்தைச் சோதிப்பவர்கள். அவர்களின் புடமுறை இன்றும் மாறவில்லை. எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி, சலித்து, ஈரப்படுத்தி, அச்சில் அழுத்திக் குழிவான சின்னக் கிண்ணமாகச் செய்து காயவைப்பார்கள். அதன் பெயர் கூப்பல். சோதிக்க வேண்டிய உலோகத்தை ஈயத்தோடு சேர்த்து அதில் வைத்து, மேலே காற்று படும்படி உலையில் சுமார் 900 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், ஈயமும் செம்பு போன்ற மட்ட உலோகங்களும் ஆக்ஸைடாகும். உருகிய ஈய ஆக்ஸைடை, அதாவது நாட்டு மருந்துக் கடை மிருதார்சிங்கியை, எலும்புச் சாம்பல் உறிஞ்சிக்கொள்ளும். தங்கமும் வெள்ளியும் ஆக்ஸைடாகாமல் மணியாகத் திரண்டு மேலே நிற்கும். கூப்பல் தன் எடைக்கு ஏறக்குறைய சமமான ஆக்ஸைடைத்தான் குடிக்கும். ஆகவே ஈயம் எத்தனை கிராமோ அதற்குக் குறையாத எடையில் கூப்பல் வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்களும் அன்று போலவேதான். ஈய ஆக்ஸைடின் உருகுநிலை 888 டிகிரி. சூடு அதற்குக் கீழே இறங்கினால் மணியின் மேல் ஓடுபோல ஒரு தோல் படர்ந்து, வேலை நின்றுவிடும். சூடு மிஞ்சினால் வெள்ளியும் கூடவே உறிஞ்சப்பட்டுக் கணக்கு குறையும். கடைசிச் சொட்டு ஈயம் போனதும் மணி பளிச்சென்று மின்னும். உடனே வெளியே எடுத்துவிடக் கூடாது. உருகிய வெள்ளி தன் கன அளவைப்போல் சுமார் இருபது மடங்கு ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்திருக்கும். திடீரென்று குளிர்ந்தால் அந்த வாயு வெடித்துக் கிளம்பி, வெள்ளித் துளிகளைச் சிதறடிக்கும். உலைவாயிலிலேயே மெல்ல ஆறவிட வேண்டும்.

இப்போது அந்த ஈயத்துக்குள் ஒளிந்திருக்கும் வெள்ளிக்கு வருவோம். சோதனைக்குச் சேர்க்கும் ஈயத்திலேயே வெள்ளி இருந்தால் முடிவு தப்பாகும். 1556-ல் அச்சான அக்ரிகோலாவின் சுரங்கவியல் நூலும், 1574-ல் பிராகில் வெளிவந்த லாசரஸ் எர்க்கரின் நூலும் இதற்கு ஒரு வழி சொல்கின்றன. சோதனையில் சேர்க்கும் அதே எடை ஈயத்தைத் தனியாக ஒருமுறை புடம்போடு. மிஞ்சும் வெள்ளி மணியைப் பத்திரப்படுத்து. சோதனை மணியை நிறுக்கும்போது, எதிர்த்தட்டில் எடைக்கற்களோடு இந்த ஈய மணியையும் வை. ஈயம் கொண்டுவந்த வெள்ளி தானாகக் கழிந்துபோகும். ஆஸ்திரியாவின் வில்லாக் ஊர் ஈயத்தில் வெள்ளி இருக்காது என்பதால், கிடைத்தவர்கள் அதையே பயன்படுத்தினார்கள். இன்று எந்தப் பகுப்பாய்வுக் கூடத்திலும் மாதிரி எதுவும் சேர்க்காமல் மருந்துகளை மட்டும் வைத்து ஓட்டும் 'பிளாங்க்' இதுதான். நம்மூர் நகைகளுக்கு பிஐஎஸ் ஹால்மார்க் போடும் மையங்களில் ஐஎஸ் 1418 தரத்தின்படி நடப்பதும் இதே ஈயமும் கூப்பலும் சேர்ந்த ஃபயர் அசேதான். அங்கே அளவு தெரிந்த சுத்தத் தங்கத்தையும் பக்கத்தில் வைத்துப் புடம்போட்டு, எவ்வளவு கூடியது குறைந்தது என்று திருத்திக்கொள்கிறார்கள்.

பொன்னையும் வெள்ளியையும் பிரிப்பதற்கு வெடியுப்புத் திராவகம், அதாவது நைட்ரிக் அமிலம். இதை வடிக்கும் முறை லத்தீன் ரசவாத நூல்களில் 1300-ஐ ஒட்டிய காலத்தில் தென்படத் தொடங்குகிறது. துத்தம், வெடியுப்பு, படிகாரம் மூன்றையும் சேர்த்துக் காய்ச்சி வடிப்பது. தங்கத்துக்கு மூன்று பங்கு வெள்ளி சேர்த்து உருக்கிய பிறகுதான் அமிலத்தில் போடுவார்கள். வெள்ளி குறைந்தால் தங்கம் அதைச் சூழ்ந்துகொண்டு அமிலத்தை உள்ளே விடாது. மிகவும் கூடினால் தங்கம் தூள்தூளாக உதிர்ந்து, கழுவும்போது போய்விடும். அமிலத்தில் குளோரைடு கலந்திருந்தால் வெள்ளி பால்போலத் திரிந்து அடியில் படியும். அதைத் தவிர்க்க, வேலைக்கு முன்னரே ஒரு துணுக்கு வெள்ளியை அதில் கரைத்து, படிந்ததை விட்டுத் தெளிவை மட்டும் இறுத்து எடுப்பது பழைய கைப்பழக்கம்.

இந்தத் திராவகத்தை வைத்துத்தான் விட்டன்பர்க் பேராசிரியர் டேனியல் சென்னர்ட் 1619-ல் அரிஸ்டாட்டிலின் பள்ளியை ஆட்டிப்பார்த்தார். ரசவாதம் அறிவியலுக்குச் செய்த உதவிகளில் இதையே முதலில் வைப்பேன், ஆனால் நியூட்டன் பெயர் இல்லாததால் இதை யாரும் பேசுவதில்லை. அன்றைய பாடம் என்னவென்றால், இரண்டு பொருள்கள் உண்மையாகக் கலந்துவிட்டால் அவற்றின் பழைய இயல்பு அழிந்து, புதிய ஒன்று பிறக்கிறது. பழையதைத் திரும்பப் பெற முடியாது. சென்னர்ட் வெள்ளியை அமிலத்தில் கரைத்தார். நிறமற்ற தெளிந்த நீர். அதை வடிதாள் வழியே விட்டார். தாளில் ஒன்றும் தங்கவில்லை. பிறகு திராட்சை மதுப் பீப்பாயில் படியும் உப்பைச் சுட்டு எடுத்த காரத்தை, அதாவது பொட்டாசியம் கார்பனேட்டை, அதில் சேர்த்தார். பொடி படிந்தது. அதை மூசையிலிட்டுச் சூடாக்கினார். அதே வெள்ளி.

10 கிராம் வெள்ளியில் தொடங்கினால் படிவது சுமார் 12.8 கிராம் வெள்ளி கார்பனேட்; சூட்டில் கார்பன் டையாக்ஸைடும் ஆக்ஸிஜனும் போய் மறுபடி 10 கிராம். கரி எதுவும் சேர்க்கத் தேவையில்லை, வெறும் சூடு போதும். (படிந்தது கார்பனேட்டாக இல்லாமல் குளோரைடாக இருந்தால் வெறும் சூட்டுக்கு மசியாது. அதனால்தான் முன்சொன்ன சுத்தம்.) சென்னர்ட் கேட்ட கேள்வி எளிமையானது. வெள்ளி அழிந்துபோயிருந்தால் எங்கிருந்து திரும்பி வந்தது? தாளின் நுண்துளைகளில் நுழையும் அளவுக்குச் சின்னத் துகள்களாக அது அங்கேயே இருந்திருக்க வேண்டும். ராபர்ட் பாயில் பிற்பாடு தன் துகள் கொள்கைக்கு இந்த வகைச் சோதனைகளைத்தான் துணைக்கு அழைத்தார். 1661-ல் பாயில் எழுதிய நூல் ரசவாதத்தைக் குழிதோண்டிப் புதைத்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். பாயிலோ, மட்ட உலோகத்தைப் பொன்னாக்கும் என்று நம்பப்பட்ட ரசவாதக் கல்லைக் கடைசிவரை தேடிக்கொண்டிருந்தார். தங்கம் பெருக்குவதைத் தடைசெய்த, இங்கிலாந்து மன்னர் நான்காம் ஹென்றி காலத்துச் சட்டத்தை 1689-ல் நீக்கவைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

பாயிலுக்கு இந்தப் பட்டறை வேலையைக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ஸ்டார்க்கி. பெர்முடாவில் பிறந்து, ஹார்வர்டில் படித்து, 1650-ல் லண்டன் வந்து, 1665 பிளேக்கில் மாண்டவர். ஐரினியஸ் ஃபிலலேத்தீஸ் என்ற புனைபெயரில் அவர் எழுதிய நூல்கள் ஐரோப்பா முழுக்கச் சுற்றின. அதிலே 'டயானாவின் புறாக்கள்', 'வெறிநாய்' என்றெல்லாம் மறைபெயர்கள் வரும். ஆனால் 1651-ல் பாயிலுக்கு எழுதிய கடிதத்தில், தனிவகைப் பாதரசம் தயாரிக்கும் அதே வேலையை அவர் நேரடியாகச் சொல்கிறார். புறாக்கள் இரண்டு என்றால் இரண்டு பங்கு வெள்ளி.

அஞ்சனக்கல்லையும் இரும்பையும் சேர்த்து உருக்குவது முதல் படி. கந்தகம் ஆண்டிமனியை விட்டு இரும்போடு சேர்ந்துகொள்ள, ஆண்டிமனி உலோகமாக அடியில் இறங்கும். இன்றைய கணக்கில் 340 பங்கு தாதுவுக்கு 168 பங்கு இரும்பு, அதாவது ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. பழைய குறிப்புகளின் அளவும் இதை ஒட்டியே வரும். வெள்ளைச் சூட்டில் இருக்கும் ஆணிகளின் மேல் தாதுவைப் போட்டு, கசடு இளக வெடியுப்பு தூவி, எண்ணெய் தடவிச் சூடாக்கிய கூம்பு அச்சில் ஊற்றித் தட்டுவார்கள். ஆறியதும் கசடை உடைத்துவிட்டு, அடியில் இருக்கும் உலோகத்தை மட்டும் இன்னும் இரண்டு மூன்று முறை வெடியுப்போடு உருக்கினால், மேற்பரப்பில் நடுவிலிருந்து கிளைபரப்பும் நட்சத்திரம் தெரியும். அது ஆண்டிமனிப் படிகங்கள் மெல்ல வளர்ந்த கோலம். உலோகம் உறையும்வரை மேலே கசடு இளகியபடி போர்த்தியிருக்க வேண்டும். கசடு முந்தி உறைந்தாலோ, கந்தகமும் இரும்பும் மிச்சமிருந்தாலோ நட்சத்திரம் விழாது. ஆகவே நட்சத்திரம் என்பது அவர்களுக்குச் சுத்தத்தின் முத்திரை. ஜோதிடப் பேச்சை எல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால், அது நல்ல தரச்சோதனைதான்.

இந்த ஆண்டிமனியைப் பாதரசத்தோடு சேர்க்க வேண்டும். நேரடியாகச் சேராது, கரும்பொடியாக ஒதுங்கிவிடும். ஒரு பங்கு ஆண்டிமனிக்கு இரண்டு பங்கு வெள்ளி சேர்த்து முதலில் உருக்கினால், வெள்ளி நடுவராக நின்று இரண்டையும் இணைக்கும். பாதரசத்தோடு அரைத்து, வெளியேறும் கரும்பொடியை நீர் தெளியும்வரை கழுவி, வாலை என்ற வடிகலத்தில் இட்டு வடித்து, அதே பாதரசத்தில் இதை ஏழு முதல் பத்து முறை திருப்பிச் செய்வது ஸ்டார்க்கியின் முறை. இப்படித் தயாரித்த பாதரசத்தைத் தங்கத்தோடு முட்டை வடிவக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து இளஞ்சூட்டில் வைத்தால், கலவை கிளைவிட்டு மரம்போல வளரும். பிரின்சிபே இதையும் செய்து, வளர்ந்த மரத்தைப் படம் எடுத்திருக்கிறார். தங்கம் கூடவில்லை, அது வேறு விஷயம். உலோகம் செடிபோல வளர்வதைக் கண்ணெதிரே பார்த்தவன், இன்னும் சில மாதம் சூடாக்கினால் கல் பழுத்துவிடும் என்று நம்பியதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. (யாரும் வீட்டில் முயல வேண்டாம். பாதரச ஆவியும் ஆண்டிமனி ஆக்ஸைடும் உடம்பில் தங்கும் நஞ்சு.)

நியூட்டன் இந்தக் கடிதத்தைத் தன் கைப்பட நகல் எடுத்து வைத்திருந்தார். 'சாவி' என்ற லத்தீன் தலைப்பில் அது கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் இருக்கிறது. 1936 ஏலத்தில் சிதறிய நியூட்டனின் ரசவாதத் தாள்களில் பலவற்றைப் பொருளாதார மேதை கெய்ன்ஸ் சேகரித்துக் காப்பாற்றியதால் வந்த பொருள். வெகுகாலம் அது நியூட்டனே எழுதியது என்று நினைத்தார்கள். வரலாற்றாளர் வில்லியம் நியூமன்தான் மூலம் ஸ்டார்க்கியின் கடிதம் என்று நிறுவினார்.

உள்ளே போனதும் வெளியே வந்ததும் எடையில் ஒத்துப்போக வேண்டும் என்ற பிடிவாதம் ஸ்டார்க்கிக்கு பிரஸ்ஸல்ஸ்காரரான வான் ஹெல்மான்டிடமிருந்து வந்தது. இவரும் ரசவாதக் கல்லை நம்பியவர். 62 பவுண்டு ஓக் கரியை எரித்தால் 1 பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மற்ற 61 பவுண்டும் 'கேஸ்' ஆகிப் போய்விட்டது என்று எழுதினார். அந்தச் சொல்லே அவர் உண்டாக்கியது. தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணை நிறுத்துப் போட்டு, 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, ஐந்தாண்டு தண்ணீர் மட்டும் ஊற்றியதில் மரம் 169 பவுண்டு சொச்சம் ஆனது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவுகட்டினார். தான் பெயர் வைத்த வாயுவையே கணக்கில் விட்டுவிட்டார்!

தண்ணீரே மரம்போல, மண்போலத் திடப்பொருளாக மாறும் என்ற அந்த முடிவைத் தீர்த்துவைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே. அதற்கு அவர் எடுத்த பாத்திரம் ரசவாதிகளின் பெலிக்கன். மேலே ஆவி குளிர்ந்து, இரண்டு கைகள் வழியே மறுபடி அடிவயிற்றுக்கே இறங்கும்படியான கண்ணாடிக் குடுவை. 1768 அக்டோபரில் தொடங்கி, வடித்த நீரை அதில் 101 நாள் கொதிநிலையை ஒட்டிய சூட்டில் சுழலவிட்டார். நீரில் மண்போல வெண்துகள் மிதந்தது. லவாசியே மூடிய பாத்திரத்தை நிறுத்தார்; எடை மாறவில்லை, வெளியிலிருந்து எதுவும் நுழையவில்லை. பிறகு காலி பெலிக்கனை நிறுத்தார், 17.4 கிரெய்ன் (அன்றைய சிறிய எடை அலகு) குறைந்திருந்தது. நீரில் இருந்த துகளும், நீரை வற்றவைத்ததில் மிஞ்சியதும் சேர்ந்து 20.4 கிரெய்ன். மண் வந்தது கண்ணாடியிலிருந்து. மீதி 3 கிரெய்னுக்கு, வற்றவைக்கும்போது பயன்படுத்திய வேறு பாத்திரம் பொறுப்பு என்றார். ஈய மணியை எதிர்த்தட்டில் வைத்த அதே புத்தி, இப்போது பாத்திரத்தையே தட்டில் ஏற்றியிருக்கிறது.

இந்தத் தொடர்ச்சி பிறகு ஏன் மறந்துபோனது? பாரிஸ் அறிவியல் கழகம் அதில் பாதிப் பொறுப்பாளி. அங்கே எட்டியென் ஃபிரான்சுவா ஜியோஃப்ரூவா 1718-ல் 16 பத்திகள் கொண்ட ஒரு அட்டவணை வெளியிட்டார். எந்தப் பொருள் எதை விரட்டிவிட்டு எதோடு சேரும் என்ற வரிசை அது. கந்தகத்தின் பத்தியில் இரும்பு மேலே, ஆண்டிமனி கீழே. நட்சத்திர ஆண்டிமனி செய்தவர்களின் கையறிவு அப்படியே அச்சேறியிருக்கிறது. பொருள்களுக்குப் போட்ட குறியீடுகளும் ரசவாதிகளுடையவை. அதே மனிதர் 1722-ல் அதே கழகத்தில் ரசவாதிகளின் பித்தலாட்டங்களைப் பட்டியல் போட்டார். இரட்டை அடி வைத்த மூசை, அதன் பொய்யடிக்குக் கீழே தங்கம். உள்ளே துளைத்துத் தங்கப்பொடி நிரப்பி, மெழுகால் அடைத்த கிண்டுகோல். பாதி தங்கம் பாதி இரும்பாகப் பற்றவைத்து, மேலே கருஞ்சாயம் பூசிய ஆணி. திராவகத்தில் முக்கினால் சாயம் கரைந்து, இரும்பு பொன்னானதுபோலத் தெரியும். அதன்பின் மதிப்புள்ளவர்கள் தங்களைக் கெமிஸ்ட் என்றும், மற்றவர்களை ரசவாதி என்றும் பிரித்துப் பேசத் தொடங்கினார்கள்.

இந்த வித்தைகள் எதையும் உரைகல்லிலோ புடத்திலோ பிடிக்க முடியாது. கிடைப்பது நிஜத் தங்கம், எத்தனை முறை போட்டாலும் தேறும். பிடிக்க வேண்டுமானால் மூசையைக் காலியாக ஒருமுறை சூடாக்கிப் பார்க்க வேண்டும். கிண்டுகோலை வேலைக்கு முன்னும் பின்னும் நிறுக்க வேண்டும். ஆணி இன்னும் சுலபம். தங்கத்தின் அடர்த்தி 19.3, இரும்புக்கு 7.9. சரிபாதி தங்கமான ஆணி, அதே அளவு இரும்பாணியைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு கனக்கும். திராவகத்தில் முக்குமுன் வாங்கித் தராசில் போட்டால் போதும்.